கொடும்பாளூர்க் கல்வெட்டும் மொய் நோட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் முதுகலை வகுப்பு மாணவர் ஒருவர் சுருட்டிய வரைதாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது விரித்தார். அவர் குடும்பத்துக் கொடிவழி அது. அடியில் அவர் பெயர், அதற்குமேல் தந்தை, பாட்டன், பூட்டன் எனக் கிளைகள் ஏறிக்கொண்டே போய், உச்சியில் 'கொடும்பாளூர் இருக்குவேள்' என்று சிவப்பு மையில் முடிந்திருந்தன. "எதை வைத்து எழுதினாய் தம்பி?" என்று கேட்டோம். "எங்க சங்கத்து ஆண்டு மலர்ல இருந்ததுங்க ஐயா. கீழே உள்ளதை அப்பா சொன்னாரு" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. தம் முன்னோர் யார் என்று அறிய விரும்புவது குற்றமா என்ன? ஆனால் அந்தத் தாளில் மெய்யாகத் தெரிந்தது எது, கேள்விப்பட்டது எது, விரும்பியது எது என்று பிரித்தறிய வழியே இல்லை. எல்லாம் ஒரே மையில், ஒரே தடிமனில் வரைந்த கோடுகள். இலக்கியமும் கல்வெட்டும் பயிலும் நாம் கொடிவழி ஆராய்ச்சியை ஒரு துறையாகக் கற்பிப்பதில்லையே என்ற எண்ணம் அன்று எழுந்தது. அதற்கான பாடம் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கல்லில் கிடக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மாணவர் சிவப்பு மையில் எழுதிய பெயரிலிருந்தே தொடங்குவோம். புறநானூற்றின் 201ஆம் பாடலில் கபிலர், பாரி மகளிரை இருங்கோவேளிடம் அழைத்துச் சென்று நிற்கிறார். வடபால் முனிவன் ஒருவனின் வேள்விக் குழியில் தோன்றி, துவரையை ஆண்டு, 49 தலைமுறையாக வந்த வேளிருள் வேள் என்று அவனைப் போற்றுகிறார். தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய கொடிவழிக் கூற்றுகளுள் இது ஒன்று. தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால் 1,225 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த 49 பேரில் ஒருவர் பெயர்கூடப் பாடலில் இல்லை. கபிலருக்கு அங்கே வேண்டியிருந்தது வரலாறு அன்று. ஆதரவற்ற இரு பெண்களுக்கு ஒரு வாழ்வு. அவ்வேளையில் சொல்லப்பட்ட புகழ்மொழியை நாம் ஆண்டுக்கணக்காக மாற்றுவது முறையாகுமா?

மேலும் சங்க கால இருங்கோவேளுக்கும், பல நூற்றாண்டுகள் கழித்துக் கொடும்பாளூரில் ஆண்ட இருக்குவேளிருக்கும் இடையே பெயர் ஒற்றுமை உண்டு. 'வேள்' என்னும் குடிப்பெயரும் பொது. ஆனால் மகன், மகள் என்று இருவரையும் இணைக்கும் கண்ணிகள் இல்லை. பெயர் ஒத்திருப்பது தேடலைத் தொடங்க ஒரு காரணம். தேடலின் முடிவாக அது ஆகிவிடாது. கொடிவழி ஆராய்வோர் முதலில் பழக வேண்டியது இதுதான்.

இனிக் கொடும்பாளூருக்கே செல்வோம். விராலிமலையை அடுத்துள்ள இவ்வூர், சிலப்பதிகாரத்தில் கொடும்பை என்ற பெயரில் மதுரை செல்லும் வழியில் வருவது. இங்குள்ள மூவர் கோயிலில் மேற்கு நோக்கிய மூன்று தளிகள் வரிசையாக நின்றன. இன்று நடுத்தளியும் தென்தளியும் எஞ்சியிருக்கின்றன. வடதளிக்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். இக்கோயிலிலுள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று, கோயிலை எடுத்த பூதி விக்கிரமகேசரியின் முன்னோரை வரிசையாகச் சொல்கிறது. கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதியில் பரதுர்க்கமர்த்தனன், அவன் மகன் சமராபிராமன், அவன் மகன் பூதி விக்கிரமகேசரி என்ற கடைசி மூன்று தலைமுறைகள் தெளிவாகத் தெரிகின்றன. சமராபிராமனின் மனைவி அனுபமை சோழர் குலத்துப் பெண். விக்கிரமகேசரிக்குக் கற்றளி, வரகுணை என இரு தேவியர்; கற்றளியின் வயிற்றில் பராந்தகன், ஆதித்தவர்மன் என இரு மக்கள். தன் பெயரால் ஒன்றும் தேவியர் பெயரால் இரண்டுமாக மூன்று தளிகளை எடுத்து, மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவியிடம் ஒரு பெரிய மடத்தையும் ஒப்படைத்தான்.

இதைவிடத் தெளிவான கொடிவழி வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இதைப் படித்த அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக உடன்பாட்டுக்கு வரவில்லை. நீலகண்ட சாஸ்திரியாரும் ஹிராஸ் பாதிரியாரும் இந்த ஒரு கல்வெட்டுக்காகவே தனித்தனிக் கட்டுரைகள் எழுதினர். சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

பரதுர்க்கமர்த்தனன் வாதாபியை வென்றவன் என்கிறது கல்வெட்டு. நாம் நன்கறிந்த வாதாபிப் போர் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் 642இல் நிகழ்த்தியது. அவன் பெயரனான விக்கிரமகேசரியோ வீரபாண்டியனை வென்றவனாம். நாம் நன்கறிந்த வீரபாண்டியன் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவன். பாட்டனுக்கும் பெயரனுக்கும் இடையே 300 ஆண்டுகள்! போதாக்குறைக்கு, விக்கிரமகேசரி பல்லவப் படையின் குருதியால் காவிரியைச் சிவக்கச் செய்தான் என்றும் வருகிறது. பல்லவர் ஆட்சியோ 9ஆம் நூற்றாண்டின் இறுதியோடு ஓய்ந்துவிட்டது. எனவே சிலர் அவனை முதலாம் ஆதித்தன் காலத்திலும், சிலர் சுந்தரசோழன் காலத்திலும் வைத்தனர்.

மக்கள் பெயரைக் கொண்டு முடிவு செய்யலாமே எனலாம். பராந்தகன், ஆதித்தன் இரண்டும் சோழ அரசர் பெயர்கள். சிற்றரசர் தம் பேரரசர் பெயரை மக்களுக்கு இடுவது வழக்கம். ஆனால் முதலாம் ஆதித்தனுக்கு முதலாம் பராந்தகன் மகன்; இரண்டாம் பராந்தகனாகிய சுந்தரசோழனுக்கு இரண்டாம் ஆதித்தன் மகன். ஆக, இந்தப் பெயர் இணை இரு காலத்துக்கும் அப்படியே பொருந்திவிடுகிறது! நமக்குச் சாதகமான சான்று, மாற்றுக் கருத்துக்கும் அதே அளவு சாதகமாக இருந்தால் அது சான்றே ஆகாது. இதை நம் மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை.

இவ்வளவு குழப்பம் ஏன்? அக்கல்வெட்டு ஒரு குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதுவித்த புகழுரை என்பதுதான் காரணம். அதில் பொய் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. புகழ வேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்டதை அந்நோக்கம் இல்லாத வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் கொள்ள வேண்டும் என்கிறோம். இருக்குவேளிருக்கு அத்தகைய ஆவணங்களும் உண்டு. திருச்சிக்கு அருகே திருச்செந்துறையில், சோழன் மகன் அரிகுலகேசரியின் தேவியும் தென்னவன் இளங்கோவேளாரின் மகளுமான பூதி ஆதித்த பிடாரி கற்றளி எடுத்த செய்தி இருக்கிறது. திருவெண்காட்டுக் கல்வெட்டில், சுந்தரசோழனின் 9ஆம் ஆட்சியாண்டில் ஈழப்போரில் மாண்ட கொடும்பாளூர்ச் சிறியவேளான் குறிக்கப்படுகிறான். இவற்றை எழுதியவர் எவரும் கொடிவழி எழுத உட்காரவில்லை. கொடையையும் கொடையாளரையும் பதிவுசெய்தனர். உறவு அங்கே போகிற போக்கில் வந்து விழுகிறது. ஆகவேதான் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'தென்னவன் இளங்கோவேள்' என்பது பட்டம். பட்டம் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. பட்டத்தைப் பெயராகக் கருதி இருவரை ஒருவராக்கிவிட்டால், ஒரு தலைமுறையே காணாமற் போய்விடும்.

போகிற போக்கில் விழுந்த உறவுச் செய்திக்கு மிக அழகிய சான்று நார்த்தாமலையில் உள்ளது. அங்குள்ள பழியிலி ஈசுவரம் என்னும் குடைவரையின் கல்வெட்டு, நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 9ஆம் நூற்றாண்டு. விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவரையைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்வித்தாள். அவள் மல்லன் அனந்தன் என்னும் மீனவன் தமிழதியரையனுக்கு மணமானவள். 'மணந்த' என்று கல்வெட்டு சொல்லவில்லை, 'புக்க' என்கிறது. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போனவள் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் தெரிகிறது. மூன்று தலைமுறை, இரண்டு குடும்பம், ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் ஆகிய அனைத்தும் நந்தி செய்த கணக்கில் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

அதே மலையிலுள்ள விசயாலய சோழீச்சுரத்தின் கல்வெட்டையும் இதனோடு வைத்துப் பார்ப்போம். சாத்தன் பூதி என்பவன் எடுத்த அக்கோயில் மழையால் இடிந்தபோது, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். மல்லன் அனந்தன், மல்லன் விடுமன். மீனவன் தமிழதியரையன், தென்னவன் தமிழதியரையன். இருவரும் மல்லனின் மக்கள், உடன்பிறந்தார் என்று கோடு இழுக்கக் கை துடிக்கிறது அல்லவா? சாத்தன் பழியிலியையும் சாத்தன் பூதியையும் சேர்த்து இன்னொரு கோடும் இழுத்துவிடலாம். ஆனால் 'உடன்பிறந்தான்' என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. அங்கே புள்ளிக்கோடுதான் இட வேண்டும். மெய்யாகத் தெரிந்ததற்கு ஒரு கோடு, ஊகத்துக்கு வேறு கோடு என்னும் இந்தச் சிறு ஒழுக்கம் ஒன்றே போதும், கொடிவழி எழுதுவோரில் பாதிப் பிழைகள் நீங்கிவிடும்.

பெயரிடும் முறையை அறிவதும் இக்கலையில் பாதி. தஞ்சை மாவட்டச் செந்தலைத் தூண்களில் முத்தரையர் மூவர் வருகின்றனர்: குவாவன் மாறன், மாறன் பரமேசுவரன், சுவரன் மாறன். முதலில் தந்தை பெயர், அடுத்துத் தன் பெயர் என்ற முறை இதனால் விளங்குகிறது. பாட்டன் மாறன், பெயரனும் மாறன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே 'பெயரன்' என்ற சொல்லே நமக்கு வந்தது? பாட்டனுக்குரிய பெரும்பிடுகு முத்தரையன் என்ற பட்டமும் பெயரனுக்கே வருகிறது. நம் ஊர்க் குடும்பங்களிலும் இவ்வழக்கம் நேற்றுவரை இருந்தது. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். பத்திரத்தில் ஒரு பெயரைக் கண்டதும் அது பாட்டனா பெயரனா என்று ஆண்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இச்சிக்கல் அரச குடும்பத்தையும் விடவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் 1686 முதல் 1948 வரை ஆண்டனர். இரகுநாத, விசய இரகுநாத என்னும் பெயர்களே முதல் ஆறு ஆட்சிகளிலும் மாறி மாறி வருகின்றன. 1730இல் முதல் தொண்டைமானுக்குப் பின் பட்டம் ஏறியவர் அவர் மகன் அல்லர், பெயரன். மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். 1886இல் பட்டம் ஏறிய மார்த்தாண்ட பைரவர், இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பெயரன், சுவீகாரம் எடுத்துக்கொள்ளப்பட்டவர். ஆட்சிப் பட்டியலைப் பார்த்து 'இவர் மகன் இவர்' என்று எழுதிக்கொண்டே போகிறவர் இவ்விரண்டு இடங்களிலும் தவறுவார். பட்டத்தின் வழி வேறு, குருதியின் வழி வேறு. ஆண் வழியை மட்டும் வரைகிற கொடியில், அரசுரிமையே ஒரு மகள் வழியாக வந்தது என்பதும் மறைந்துவிடும்.

பாளையக்காரர்களும் சிற்றரசர்களும் எழுதுவித்த வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தொகையாகத் திரட்டினார். புதிய ஆட்சியாளரிடம் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டிய நெருக்கடி அக்குடும்பங்களுக்கு இருந்த காலம் அது. நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இத்தகைய வம்சாவளிகளைப் பொய் என்று தள்ளவுமில்லை, மெய் என்று அப்படியே ஏற்கவுமில்லை. ஒரு குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவற்றைச் சான்றாகக் கொண்டு, இனாம் நில ஆவணங்களோடு சேர்த்துப் படித்தார். நம் மாணவரின் சங்க மலரையும் நாம் அப்படித்தான் படிக்க வேண்டும். அது அச்சிட்டவர்களின் விருப்பத்துக்குச் சான்று; அவர் பூட்டனுக்குச் சான்று அன்று.

சரி, கல்வெட்டில் இடம்பெறாத நம் போன்றோர் எங்கே தேடுவது? முதலில் நிருவாக எல்லைகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை 1948 மார்ச்சு வரை தனிச் சமஸ்தானம். பின்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதி. 1974 சனவரி 14 முதல் தனி மாவட்டம். அறந்தாங்கிப் பகுதியோ தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தது. ஆகவே ஒரே மாவட்டத்து இரு ஊர்களின் பழைய தாள்கள் இரு வேறு இடங்களில் இருக்கக்கூடும். இதை அறியாமல் 'ஆவணமே இல்லை' என்று திரும்பியவர் பலர்.

அடுத்து, வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரங்கள். கிரையப் பத்திரம் தந்தை பெயரையும் ஊரையும் தரும். பாகப் பிரிவினைப் பத்திரம் உடன்பிறந்த ஆண்களை வரிசையாகத் தரும். பெண்கள்? தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் திருத்தப்படும்வரை கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு இல்லை. எனவே பழைய பாகப் பத்திரங்களில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. 'எனக்கு உரிமை ஏதும் இல்லை' என்று அவர்கள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் கிடைத்தால், அதில்தான் அத்தைமார் பெயர்கள் இருக்கும். உரிமையை விட்டுக்கொடுத்த தாளில்தான் அவர்கள் பெயர் எஞ்சியிருக்கிறது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

நகரத்தார்க்கு இன்னொரு வழி உண்டு. அவர்கள் ஊர்களுள் இராயவரம் போன்ற சில நம் மாவட்டத்தில் இருந்தாலும், ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தது. திருமணம் அக்கோயிலில் பதிவாகி, மணமானவர் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுவர். கோயில் வரிக்காக வைத்த கணக்கு, தலைமுறைகளின் பதிவாகவும் ஆகிவிட்டது.

நம் மாவட்டத்துக்கே உரிய சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். அது மொய் நோட்டு. கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடப்பதை அறிவோம். பணத்தைத் திருப்பிச் செய்ய வேண்டுமல்லவா? எனவே யார், எந்த ஊர், யார் மகன் என்பதைப் பிழையின்றி எழுதியாக வேண்டும். காதணி விழா, திருமண வீட்டு நோட்டுகளில் 'தாய்மாமன்' என்ற குறிப்போடு தாய்வழி உறவும் ஏறிவிடும். புகழுக்காக எழுதாத, கடனுக்காக எழுதிய ஏடு அது. நார்த்தாமலைக் கல்வெட்டின் நேர்மை அந்த நாற்பது பக்க நோட்டிலும் இருக்கிறது என்றால் மிகையாகாது. வீடு மாறும்போது பழைய தாளோடு எடைக்குப் போடுவதும் அதைத்தான்!

அமெரிக்காவில் 1964இல் தோன்றிய கொடிவழி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் ஐந்து கூறுகளை வற்புறுத்துகிறது: இயன்றவரை முழுமையாகத் தேடுதல், ஒவ்வொரு செய்திக்கும் மூலத்தைக் குறித்தல், சான்றுகளை ஆராய்ந்து ஒப்பிடுதல், முரண்களைத் தீர்த்தல், முடிவைக் காரணத்தோடு எழுதி வைத்தல். மேலே கண்டவற்றுள் இவை ஐந்தும் அடங்கியிருப்பதை வாசகர் உணர்வர். நம் கல்வெட்டறிஞர்கள் கொடும்பாளூர்ச் சுவரின் முன் நின்று செய்ததும் இதையேதான். நாம் செய்ய வேண்டியது, அரசர்க்குக் காட்டிய அக்கவனத்தை நம் பாட்டிமார்க்கும் காட்டுவது.

இதெல்லாம் ஓய்வு நேர வேலைதானே என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்றவர் பலர். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவரிடமும் தந்தை அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் ஏது? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அப்படி வந்தவர்களிடம் கேட்கப்பட்ட முதற்கேள்விகளுள் ஒன்று, 'உங்கள் பூர்விக ஊர் எது?' என்பது. பாட்டன் வாயிலாக ஊர்ப்பெயரைக் கேட்டு வைத்திருந்தவர்க்கு உறவினர் வாசலாவது தெரிந்தது. கேட்டு வைக்காதவர்க்கு அதுவும் இல்லை. ஒரு கொடிவழியில் விடுபட்ட ஒரு கண்ணிக்கு என்ன விலை என்பதை இம்மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த மாணவர் இரண்டாண்டு கழித்து மீண்டும் ஒரு தாளோடு வந்தார். இம்முறை வரைதாள் சிறியது, இருக்குவேள் இல்லை. நான்கு தலைமுறை மட்டும், ஒவ்வொரு பெயருக்கும் கீழே பத்திர எண்ணோ, மொய் நோட்டின் ஆண்டோ, 'அத்தை சொன்னது, இன்ன தேதி' என்ற குறிப்போ இருந்தது. இரண்டு இடங்களில் புள்ளிக்கோடு. முதல் தாளில் இல்லாத ஐந்து பெண்களின் பெயர்கள் இதில் இருந்தன. "பூட்டியோட பேரு வீட்டுல யாருக்குமே தெரியலைங்க ஐயா. விடுதலைப் பத்திரத்துல கைநாட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு" என்றார்.

நண்பர்களே, இவ்வாரம் ஊருக்குச் செல்வோர் வீட்டிலுள்ள மூத்தவரிடம் சற்று அமர்ந்து, அவர்தம் தாயின் தாய் பெயரைக் கேட்டு, கேட்ட நாளையும் சேர்த்து எழுதி வையுங்கள். பரணில் மொய் நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.